பதிவேட்டுக்கு அப்பால்



பள்ளியில் வருகைப் பதிவேடு இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை ‘வரவில்லை’ என்று குறிக்கப்பட்ட பின், ஏன் வரவில்லை என்று வீடு தேடிச் சென்று கேட்பவர் யார்? அவரே பள்ளிச் சமூகப் பணியாளர்.

1906-07ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில் இப்பணி தோன்றிற்று. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிக் கல்லூரியை நிறுவிப் பயிற்சிக்கு வழிசெய்தார்.

எனினும், பெயர் வருமுன்பே செயல் இங்கே வந்துவிட்டது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவளிக்கத் தீர்மானித்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

பசி மட்டுமா தடை? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் சீனிவாசபுரத்தைத் தாக்கியது. அதன்பின் பல குடும்பங்கள் செம்மஞ்சேரிக்குப் பெயர்க்கப்பட்டன. குடிபெயரும்போது பாத்திர பண்டங்கள் வண்டியேறும். பிள்ளையின் படிப்போ பாதியில் நின்றுவிடும். பழைய பள்ளி தொலைவாகிவிடும். புதிய பள்ளியோ சான்றிதழ் கேட்கும்.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லையென்று தொடக்கக் கல்வியில் சேர்க்கை மறுக்கலாகாது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராய் இருத்தல் வேண்டும். இதை அறியாத தாய், பள்ளி வாயிலோடு திரும்பிவிடுகிறாள். சட்டத்தை அவள் கைக்குக் கொண்டு சேர்ப்பதே சமூகப் பணி.

மற்றொன்றும் உண்டு. உதவித்தொகைக்கென்று வகுப்பு நடுவே சாதியைக் கேட்டு எழுந்து நிற்கச் செய்தால், அப்பிள்ளை பெறும் பணத்தினும் இழக்கும் மானம் பெரிது. விவரத்தைத் தனியே கேட்டறிந்து, விண்ணப்பத்தை உரிய நாளில் சேர்த்து, பிள்ளையின் தன்மதிப்பைக் காப்பவரே உண்மைப் பணியாளர். அவர் தருவது பிச்சையன்று, உரிமை.

எல்லாப் பள்ளிகளுக்கும் இத்தகைய பணியாளர் வாய்ப்பதில்லை. ஆகவே இளைஞர்களே, வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுங்கள், காரணம் கேளுங்கள், மறுநாள் பெற்றோருடன் தலைமையாசிரியரைக் காணுங்கள். ஒரு பிள்ளை வகுப்புக்குத் திரும்பினால், அதுவே இவ்வெள்ளி விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பு.