கப்பல் அறையில் மருந்தும் பொருளும்

அந்தமானில் வாழும் நம்மவர் பலர் சென்னையிலிருந்து கப்பலிலே திரும்புகின்றனர். பயணம் ஏறத்தாழ மூன்று நாட்களாகும். கப்பலில் மருத்துவர் இருப்பினும், நமக்குரிய மருந்து அவரிடம் இருக்குமென்பது உறுதியன்று. ஆதலின் நகையையும் பணத்தையும் பெட்டியில் பூட்டினாலும், மருந்தை மட்டும் கைக்கெட்டும் பையிலேயே வைத்துக்கொள்வோமாக.

நீரிழிவு நோய்க்குரிய இன்சுலின், திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருத்தல் வேண்டும். ஆயினும் பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்துவிட்டால், உருகிய பின்னும் அது பயன்படாது. எனவே துணியில் சுற்றித் தெர்மாஸ் குடுவையில் வைத்தல் நன்று. மருந்துச் சீட்டின் நகலொன்றை உடன் வருபவரிடம் கொடுத்து வைப்போம். மருந்துப் பை இருக்குமிடத்தையும் அவர் அறிந்திருக்கட்டும். நாம் மயங்கிக் கிடக்கும் வேளையில் அதனைத் தேடி எடுக்க வேண்டியவர் அவரே.