பாகு பொங்கினால் ஆறவிடாதீர்கள்



அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறீர்கள். சற்றே கண் அசந்த நேரத்தில் அது பொங்கி, மின்சாரக் கண்ணாடி அடுப்பின் மேல் வழிந்துவிடுகிறது. ஆறட்டும், பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். சாம்பாரோ ரசமோ என்றால் அப்படியே செய்யலாம். சர்க்கரைப் பாகு, வெல்லப் பாகு, ஜாம் என்றால் ஆறவே விடக்கூடாது.

காரணம் அந்தக் கண்ணாடியின் குணத்தில் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில், டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தகட்டை உலையில் வைத்தார். 600 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய உலை, பழுதாகி 900ஐத் தொட்டுவிட்டது. கண்ணாடி உருகியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால், வெளுத்துப்போய் முழுசாகக் கிடந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. உள்ளே நுண்ணிய படிகங்கள் விளைந்திருந்தன. அந்த வழியில் வந்ததுதான் செராமிக் கண்ணாடி. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1971இல் அதை அடுப்பின் மேல்தட்டாகக் கொண்டுவந்தது.

அடுப்புக்கென்று செய்யும் இந்தக் கண்ணாடி சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை; ஆறும்போது சுருங்குவதும் இல்லை. சர்க்கரையோ ஆற ஆறச் சுருங்கும். உருகிய பாகு கண்ணாடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, இறுகும்போது இழுக்கிறது. கண்ணாடி அசைந்துகொடுக்காது. கடைசியில் பாகோடு கண்ணாடிச் சில்லும் பெயர்ந்து வந்துவிடும். அந்தப் பள்ளத்தை எந்தப் பொடியாலும் சரிசெய்ய முடியாது.

ஆகவே உடனே அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தைத் தூக்கி இறக்குங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, பிளேடு பொருத்திய நீளப்பிடிச் சுரண்டியைச் சாய்வாகப் பிடித்து, பாகைச் சூடில்லாத ஓரத்துக்குத் தள்ளுங்கள். சூடான பாகு தோலில் ஒட்டினால் ஆழமாகச் சுடும். குழந்தைகளை அப்பால் போகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்தச் சுரண்டியை அடுப்போடு சேர்த்தே விற்க வேண்டும் என்பது என் கருத்து. உருகி ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் இதே வைத்தியம்தான்.

மற்ற கறைகளுக்கு அவசரமில்லை. நன்றாக ஆறிய பின், கண்ணாடி அடுப்புக்கான கிரீமைத் தடவி மென்துணியால் துடையுங்கள். கம்பி நார் வேண்டாம், பிளீச்சும் வேண்டாம். கிரீம் மிச்சமில்லாமல் ஈரத்துணியால் வழித்தெடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த சூட்டில் கருகிப் படியும். அலுமினியப் பாத்திரத்தை இழுத்தால் சாம்பல் நிறத்தில் கோடு விழும். அது பெரும்பாலும் ஒட்டிய உலோகம்தான், தேய்த்தால் போய்விடும். அடிப்பக்கம் சொரசொரப்பான இரும்புக் கல்லை இழுத்தால் விழுவது உண்மையான கீறல். எதையும் தூக்கி வையுங்கள்.

கேஸ் அடுப்பில் சுடர் தெரியும். இங்கே சிவப்பு மறைந்த பிறகும் தட்டு கையைச் சுடும். சூடு இருப்பதைக் காட்டும் விளக்கு அணையும்வரை மேலே துணியோ மூடியோ வைக்காதீர்கள்.

கண்ணாடியில் விரிசல் தெரிந்தால், அது மயிரிழை அளவே ஆனாலும், மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரத்துணியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வழிந்த நீர் உள்ளே இறங்கினால் மின்சாரம் தாக்கும். தட்டை மாற்றும்வரை அந்த அடுப்பில் வெந்நீர்கூட வைக்க வேண்டாம்.