ஒரு பெயர், பல இழைகள்



மொழியியல் படித்தவன் நிரலாக்கம் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் எண்ணலாம். என்னை இத்துறைக்குள் இழுத்து வந்தது ஒரு ரசீது.

நான் உறுப்பினனாக இருந்த ஓர் அமைப்பில் நன்கொடை ரசீதுகள் தமிழிலும் மலாயிலும் அச்சாகி வந்தன. கூட்டம் மிகுந்த நாள்களில் மட்டும் தமிழ் ரசீதில் ஆகஸ்டுக்கு மாறாக ‘ஓகோஸ்’ வந்து அமரும். மலாய் ரசீதில் தமிழ் மாதப்பெயர் தலைகாட்டும். மறுபடி அச்சிட்டால் சரியாக வரும். தமிழால்தான் தொல்லை, அதை எடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்செழுந்தது. குற்றம் தமிழின்மேல் இல்லை என்பதை ஓர் இளம் நிரலர் காட்டினார்.

ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே வேளையில் ஓடும்போது ஒவ்வோர் ஓட்டத்தையும் இழை என்கிறோம். (‘நூல்’ என்று வழங்குவதை நான் ஏற்பதில்லை, அது புத்தகத்தோடு மயங்கும்.) பொது மாறிகள் எல்லா இழைகளுக்கும் உரியவை. சி மொழியின் 1989 ஆம் ஆண்டுத் தரத்திலுள்ள ‘செட்லொகேல்’, மொழித் தெரிவை நிரல் முழுமைக்கும் ஒன்றாகவே வைக்கிறது. ஓர் இழை ‘தமிழ்’ என்று குறித்துவிட்டு மாதத்தை எழுதுமுன், மற்றோர் இழை ‘மலாய்’ என்று மாற்றிவிடும். தோட்டத்து ஸ்டோரில் ஒரே பலகை. ஒருவருடைய பாலின் எடையை எழுதிப் பேரேட்டில் பதியுமுன் இன்னொருவர் அழித்து எழுதினால் யார் கணக்கு யாருக்குப் போகும்? ஆளில்லாத நேரத்தில் சோதித்தால் பிழையே தென்படாது. ஆகவேதான் பழி தமிழின்மேல் விழுந்தது.

இதற்குத் தீர்வு இழைக்குரிய சேமிப்பு: பெயர் ஒன்று, ஒவ்வோர் இழைக்கும் தனிப்படி. இலக்கணம் கற்றோர்க்கு இது புதிதன்று. ‘நான்’ என்னும் சொல் எல்லார்க்கும் பொது. அது குறிக்கும் ஆளோ சொல்பவர்தோறும் வேறு. ‘கதிரவன்’ அப்படியன்று, யார் சொன்னாலும் அதே கதிரவன்தான். பிழை எண்ணைத் தாங்கும் ‘எர்னோ’ முதலில் கதிரவனாக இருந்தது. 1995 ஆம் ஆண்டின் போசிக்ஸ் இழைத்தரம் அதை ‘நான்’ ஆக்கிற்று. இழைதோறும் மொழியைத் தெரிவுசெய்யும் ‘யூஸ்லொகேல்’ 2008 ஆம் ஆண்டுத் தரத்தில் சேர்ந்தது. 2011 இல் சி, சி++ இரண்டும் இழைக்குரிய மாறிக்கெனத் தனிச் சொல்லே வகுத்தன.

நிரலர் ‘யூஸ்லொகேல்’ வழியைக் கைக்கொண்டார். ஆயினும் சில நாளில் பழைய குறை வேறு உருவில் வந்தது. இழைகள் ஒரு வேலையோடு மறைவதில்லை. அடுத்த வேலைக்கும் அவையே வரும். முன்னவர் கேட்ட மொழி இழையிலேயே தங்கிவிட, மொழியைக் குறிப்பிடாத அடுத்தவருக்கும் அதுவே அச்சாயிற்று. வேலை தொடங்கும்தோறும் மொழியைப் புதிதாக அமைத்த பின்னரே அது நின்றது.

அப்படியாயின் எல்லாவற்றையும் இழைக்குரியதாக்கிவிடலாமே என்றார் குழுவினர் ஒருவர். ரசீதின் வரிசை எண்ணை அவ்வாறு செய்தால் இருவர் கையில் ஒரே எண் இருக்கும்; தணிக்கையில் யார் விடை சொல்வது? அது பொதுவாகவே இருக்கவேண்டும். 1906 இல் நிறைவுற்ற கிரியான் பாசனத்தை நம்பிப் பயிரிட்டவர்கள் நீங்கள். பொது வாய்க்காலுக்கு மடை எதற்கென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வரிசை எண்ணுக்கு ஒரு பூட்டு இட்டார்கள்: ஓர் இழை எண்ணை எடுத்து ஒன்று கூட்டி வைக்கும்வரை மற்றவை காத்திருக்கும். ரசீதுகள் இரு மொழியிலும் தொடர்ந்தன.