கணினிக் கல்வியும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியே பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். கணினியைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்று கேட்டவளவில் நகைத்தாரும் உளர். அவர் நகைப்பு முறையே. யாம் அத்துறையில் வல்லேம் அல்லேம். ஆயினும் அறியாமையால் விளையும் துன்பத்தை நேரே அறிந்தோம். அதனை நீக்கிக்கொள்ளும் வழியையும் ஒருவாறு கண்டோம். அவ்விரண்டையும் உங்கள் முன் வைத்து, நம் சங்கம் செய்யத்தக்க செயலொன்றை வேண்டிக்கொள்வதே எம் நோக்கமாகும்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் பரவிப் பள்ளிகள் அடைபட்ட காலத்து, இணைய வழியே பாடஞ் சொல்லுமாறு பணிக்கப்பட்டோம். நன்னூற் சூத்திரங்களை ஏடு பாராது சொல்லப் பயின்ற யாம், எம் குரல் மாணாக்கர்க்குக் கேட்குமாறு செய்ய அறியாது அரைமணி நேரம் திகைத்திருந்தோம். ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "ஐயா, திரையின் கீழே ஒலிவாங்கிக் குறி இருக்கும், அதைத் தொடுங்கள்" என்று பணிவோடு எழுதி அனுப்பினான். தொட்டோம், குரல் சென்றது. அன்று நாணினோம், ஆயினும் கற்க முயன்றோமல்லேம். விண்ணப்பம் நிரப்புதல், மதிப்பெண் பதிதல் முதலியவற்றை உடனாசிரியர் ஒருவரைக் கொண்டு செய்வித்து, எம் அறியாமையை மூன்றாண்டு மறைத்தொழுகினோம்.

2023-ஆம் ஆண்டில் ஓரிரவு, எம் தெருவில் வாழும் பெரியம்மை ஒருவர் கைபேசியைக் கையிலேந்தி எம் இல்லத்து வாயிலில் வந்து நின்றார். ஐம்பது ஆண்டு தறியில் அமர்ந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "தம்பி, பாங்கியிலிருந்து பேசுகிறோம் என்றார்கள், வந்த எண்ணைக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். பணத்தைக் காணோம், என்ன செய்வது?" என்று வினவினார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த 22,000 ரூபாய் அது. படித்தவன் என்று நம்பி எம்மை நாடி வந்தவர்க்கு விடை கூற எமக்குத் தெரிந்திலது. "காலையில் வங்கிக்குச் சென்று கேட்போம், பெரியம்மா" என்று கூறி அனுப்பினோம். சென்ற பணம் மீளவில்லை.

இணையவழிக் குற்றங்களை முறையிடுதற்கு 1930 என்னும் தொலைபேசி எண் உண்டென்பதையும், பணம் இழந்தவர் காலந் தாழ்த்தாது அவ்வெண்ணில் தெரிவிப்பின் அப்பணத்தை இடையிலேயே நிறுத்திவைத்தற்கு வழியுண்டென்பதையும் பின்னரே அறிந்தோம். எம் வீட்டுத் திண்ணையில் கழிந்த அவ்விரவுப் பொழுதே அதற்குரிய பொழுதாகும். கள்வன் கவர்ந்தது பாதி. எம் அறியாமை கவர்ந்தது பாதி என்றே இன்றும் கருதுகின்றோம்.

அத்திங்களிலேயே அயலூர்ச் சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பிற் சேர்ந்தோம். தனியே செல்லாது, அப்பெரியம்மையையும் உடன் அழைத்துச் சென்றோம்.

சமுதாயக் கல்லூரி என்பது யாதெனிற் கூறுதும். பள்ளியை இடையே விட்டார்க்கும், தொழில் செய்து பிழைப்பார்க்கும், பட்டப் படிப்பிற் புக இயலாதார்க்கும், அவரவர் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ற கல்வியைக் குறைந்த செலவிற் புகட்டுவது அது. அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தோன்றிய கல்லூரியை இதற்கு முன்னோடியாகக் கூறுவர். நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு புதுவைப் பல்கலைக் கழகம் முதற் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. யாங்கள் சென்ற கல்லூரியில் எம் பட்டத்தையும் கேட்டிலர், பெரியம்மையின் வயதையும் கேட்டிலர், "எந்நாள் முதல் வருவீர்கள்?" என்பதொன்றே கேட்டனர்.

வகுப்பு 40 மணி நேரத்தது. நாடொறும் மாலை 2 மணியாக 20 நாள் நடந்தது. கணினியை ஏற்றுதல், முறைப்படி அணைத்தல், சுட்டியைப் பிடித்தல், விசைப்பலகை பழகல், எழுதியதைக் கோப்பாகச் சேமித்தல், சேமித்ததை மீண்டும் தேடி எடுத்தல், கணக்கு அட்டவணை அமைத்தல், இணையத்தில் தேடல், மின்னஞ்சல் எழுதல், அரசு விண்ணப்பங்களை நிரப்பல், பணப் பரிமாற்றத்திற் காக்கத்தக்க காப்பு ஆகியவை பாடங்கள். இவற்றுள் ஒன்றேனும் கூரிய அறிவு வேண்டுவதன்று. கை பழகுதலும் அச்சம் நீங்குதலுமே வேண்டும்.

முதல் நாள் பெரியம்மை சுட்டியைத் தொடவும் அஞ்சினார். "உடைந்துவிட்டால் எங்ஙனம் கொடுப்பேன்?" என்றார். பயிற்றுவித்த இளம்பெண் நல்லறிவினள். "அம்மா, அறுந்த இழையை எத்தனை முறை முடிந்திருப்பீர்கள்? இங்கே தவறினாலும் பின்னோக்கிச் செல்ல ஒரு விசை உண்டு" என்று அதனைக் காட்டினாள். நான்காம் நாளில் அவர் கை எம் கையினும் விரைந்து சென்றது. நாடாவோடும் விழுதோடும் பழகிய விரல்களுக்கு விசைப்பலகை ஒரு பொருட்டாமோ?

நம் மரபினர் ஈண்டு ஓர்ந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. கணினிக்கும் தறிக்கும் உறவு உண்டென்பது கற்பனையன்று; வரலாறு. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டையொட்டி அமைத்த பொறியே, இன்று நம் தறிகளின் மேல் நிற்கும் ஜக்கார்டுப் பெட்டிக்கு மூலம். அட்டையில் துளையுள்ள இடத்திற் கொக்கி இயங்கிப் பாவிழை எழும். துளையில்லா இடத்தில் எழாது. உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டே கொடியும் மயிலும் அன்னமுமாய் விரிகின்றன. ஆங்கில நாட்டுச் சார்லஸ் பாபேஜ் என்பார், தாம் 1830-களில் வகுத்த கணக்கிடும் பொறிக்கு ஏவல் கூறுதற்கு இவ்வட்டைகளையே கருவியாகக் கொண்டார். ஏறக்குறைய 24,000 அட்டைகளால் பட்டில் நெய்யப்பெற்ற ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அப்பொறி அவர் காலத்து முற்றுப்பெறவில்லை. பின்னர் அமெரிக்க நாட்டின் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, ஹோலரித் என்பார் அமைத்த துளையட்டைப் பொறியாற் கணிக்கப்பட்டது. இன்றைய கணினியும் 1, 0 என்னும் உண்டு, இல்லை இரண்டினாலேயே எல்லாவற்றையும் குறிக்கின்றது. இதனைக் கேட்ட பெரியம்மை, "அப்படியானால் இது நம் வீட்டுப் பொருள்தான்" என்றார். அன்றே அவர் அச்சம் ஒழிந்தது.

இனி, 'கணினி ஆங்கிலம் வல்லார்க்கே உரியது' என்பாரும் உளர். அது பொருந்தாது. 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்னும் விசைப்பலகையை நோக்குங்கள். நம் எழுத்து 247. அவற்றுக்கு 247 விசை வேண்டுவதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளே போதும். மெய்க்குரிய விசையின்பின் உயிர்க்குரிய விசையைத் தட்டின், இரண்டும் கூடி உயிர்மெய்யாய் நிற்கும். 'தறி' என்று எழுத த, ற, இ என மூன்று தட்டுக்கள். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு. ஒரே மெய் இரட்டித்து வருமிடத்து முன்னதற்குப் புள்ளியைப் பொறி தானே இடுகின்றது. திண்ணைப் பள்ளியில் மணலிற் பயின்ற புணர்ச்சி, பொறியினுள்ளும் செல்லுதல் கண்டு யாம் அடைந்த உவகை பெரிது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் கற்றார் எவரும் கணினியில் எழுதலாம் என்பதற்கு எம் பெரியம்மையே சான்று. அவர் முதன்முதல் எழுதிச் சேமித்த சொல் 'தறி' என்பதே.

'கைபேசி எல்லார் கையிலும் உளதே, வகுப்பு எதற்கு?' என்பது மற்றொரு வினா. படம் பார்க்க அறிதல் வேறு. தன் காரியத்தைத் தானே முடிக்க அறிதல் வேறு. பட்டுச் சேலை உடுத்தார் எல்லாரும் நெய்ய அறிந்தார் ஆவரோ?

'பிள்ளைகள் செய்து தருவார்கள்' என்பார்க்கு ஒன்று கூறுவோம். பிள்ளைகள் வேற்றூரில் இருக்கின்றனர். கள்வனோ, அவர் இல்லாத பொழுதறிந்து அழைக்கின்றான். வகுப்பில் அவ்விளம்பெண் கூறிய உவமையை அப்படியே உரைக்கின்றோம்: "ஓ.டி.பி. என்று வருகிற எண், முந்தானை முடிச்சுப் போன்றது. அவிழ்க்கும்படி பிறர் கையில் கொடுக்கலாமா?" தாய்மார்களே! இதனை மறவாதீர்கள். 2016 முதல் வழங்கும் யு.பி.ஐ. முறையிற் பணம் கொடுத்தற்கே இரகசிய எண்ணை இடவேண்டும், பெறுதற்கு இடவேண்டுவதில்லை. 'பணம் அனுப்புகின்றோம், எண்ணை இடுக' என்பான் கள்வனே. காணொளியில் தோன்றி, 'காவல் அதிகாரி பேசுகின்றேன், நீ கைதாகிவிட்டாய், அறையை விட்டு அகலாதே' என்று அச்சுறுத்துவானும் கள்வனே, அவ்வாறு கைதுசெய்ய நம் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. கடவுச்சொல்லைப் பிறர்க்கு உரையாதீர்கள். வாயிலைக் கடத்தற்குரிய சொல்லாதலின் அஃது அப்பெயர் பெற்றது. பணம் இழந்தீராயின் நாணி மறைக்காது உடனே 1930-க்குத் தெரிவியுங்கள்.

கணக்கு அட்டவணைப் பாடத்தால் விளைந்த பயனையும் கூறல் வேண்டும். பெரியம்மை தாம் நெய்து கொடுத்த சேலை, பெற்ற கூலி, வாங்கிய முன்பணம் ஆகியவற்றைப் பழைய சீட்டுக்களிலிருந்து எடுத்து அட்டவணையாக எழுதினார். கூட்டிப் பார்த்தவழி, ஒரு சேலைக்குரிய கூலி முதலாளியின் ஏட்டில் வரவாகாமை தெரிந்தது. தாளில் அச்சிட்டுக் காட்டினார். முதலாளி தம் ஏட்டோடு ஒப்புநோக்கி, "எழுத விட்டுப் போயிற்று" என்று அன்றே கொடுத்தார். அஃது ஏமாற்றமன்று, மறதியே. ஆயினும் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருப்பின் மறதியும் ஏமாற்றமும் வேறுபாடின்றித் தோன்றும். இருவர் கையிலும் இருப்பின் இருவர்க்கும் மதிப்பு உண்டாம். நம் சங்கத்துள் நெய்விக்கும் முதலாளிகளும் உளர். கூலிக்கு நெய்வாரும் உளர். ஒரு குலத்தார் என்று மேடையிற் கூறுதலோடு அமையாது, கணக்கிலும் ஒருவரையொருவர் நேர்நின்று பார்க்குமாறு செய்தலே உறவை வளர்ப்பதாகும்.

அரசும் இத்துறையில் முயன்றதுண்டு. நாட்டுப்புறத்து வீட்டுக்கு ஒருவராக 6 கோடிப் பேர்க்கு 20 மணி நேரப் பயிற்சி அளிக்க நடுவணரசு 2017-இல் ஒரு திட்டம் வகுத்தது. அது 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களோடு முடிந்தது. அதற்குரிய வயது 14 முதல் 60 வரை. 60 கடந்தார்க்கு அதில் இடமிருந்ததில்லை. எம் பெரியம்மைக்கு அப்பொழுது 63. முதியோர் ஓய்வூதியத்திற்கும் நெசவாளர் உதவிக்கும் அலையும் வயதினர்க்கே இக்கல்வி மிகவும் வேண்டுவது. அரசு விட்ட எல்லையினின்று தொடங்குதல் சங்கத்தின் கடமையன்றோ?

நம் சங்கம் ஆண்டுதோறும் கல்லூரி மாணவர்க்கு உதவித்தொகை வழங்குகின்றது, நன்று. ஆயினும் அப்பிள்ளைகளைத் தறியில் அமர்ந்து படிக்கவைத்த பெற்றோர்க்கும் பாட்டிமார்க்கும் கல்வித்துறையில் யாதும் செய்திலோம். ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. சங்கத் திருமண மண்டபத்தின் கீழறையை மாலை 6 மணி முதல் 8 மணி வரை ஒரு வகுப்பிற்கு ஒதுக்குதல் ஒன்று. வசதியுடையார் பயன்படுத்தி விடுத்த நற்கணினிகளை அளித்து, பத்துக் கணினி சேர்த்தல் இரண்டு. 20 நாள் வகுப்பு ஒவ்வொன்றிலும் பாதி இடத்தைப் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் வைத்தல் மூன்று. முன்கூறிய சமுதாயக் கல்லூரியார் ஆசிரியரை அனுப்ப இசைந்துள்ளனர். வேற்றுக் குலத்து அயலார் கற்க வரினும் இடம் தருதல் வேண்டும். எமக்கும் பெரியம்மைக்கும் அக்கல்லூரியில் எவரும் குலங் கேட்டிலர் என்பதை நினைவூட்டுகின்றோம்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று எம்மிடம் கேட்டாரும் உளர். மரத்திற்கு அது பொருந்தும். மனிதர்க்குப் பொருந்தாமையை அறுபத்துமூன்றில் வளைந்த கை காட்டிற்று. சென்ற தைத் திங்களில் அக்கைக்கு மீண்டும் அத்தகைய அழைப்பொன்று வந்தது. 'வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்றான் அழைத்தவன். "அது என் முந்தானை முடிச்சு, உனக்கு எதற்கு?" என்று கூறிக் கைபேசியை வைத்துவிட்டு, பெரியம்மை தறியில் அமர்ந்தார். அவர் இன்று இவ்வவையில் மூன்றாம் வரிசையில் வீற்றிருக்கின்றார். முதல் வகுப்பில் அச்சமுற்றார்க்கு அருகிருந்து உதவ அவர் ஒப்புக்கொண்டுள்ளார் என்பதையும் அவர் இசைவோடு தெரிவிக்கின்றோம்.

பெரியோர்களே! அறையின் திறவுகோல் உங்கள் கையில் உள்ளது. நம் சங்கம் வாழ்க! கல்வி வளர்க!