வெடி வைப்பதற்கு முன்னே வெடிப்பை எழுதிவையுங்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியருக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



கல்குவாரிக்குப் பக்கத்து லயங்களிலிருந்து சங்கக் காரியாலயத்துக்கு வரும் முறைப்பாடுகள் ஒரே மாதிரியானவை. வெடி வைக்கிறார்கள், கூரைத் தகரம் அதிர்கிறது, சுவர் வெடித்துவிட்டது. நாங்கள் போய்க் கேட்டால் குவாரிக்காரர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "இது வெள்ளைக்காரன் காலத்து லயம். வெடிப்பு முந்தியே இருந்தது." அந்த இடத்தில் வாயடைத்து நின்றிருக்கிறோம். இல்லை என்று காட்ட எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

அதிர்வை அளக்கக் கருவி உண்டு. வெடிக்கும்போது நிலம் செக்கனுக்கு எத்தனை மில்லிமீற்றர் வேகத்தில் ஆடுகிறது என்று அது பதியும். ஜேர்மனியின் டின் 4150 நியமம், மெதுவான அலைக்குச் சாதாரண வீட்டின் அத்திவாரத்தில் 5 மில்லிமீற்றர் என்றும், நலிந்த பழைய கட்டடத்துக்கு 3 என்றும் வைத்திருக்கிறது. நமது மத்திய சுற்றாடல் அதிகார சபையும் கட்டட வகையைப் பார்த்தே எல்லை வகுக்கிறது. ஆகவே முதல் கேள்வி, நமது லயத்தை எந்த வகையில் சேர்த்தார்கள் என்பதுதான். மண் சாந்தில் கருங்கல் அடுக்கிய சுவரை கொங்கிரீட் வீட்டோடு சேர்க்க விடாதீர்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆட்டத்தையே நமது உடம்பு உணர்ந்துவிடும். கோப்பை ஆடியது என்பது சுவர் பழுதானதற்குச் சாட்சி ஆகாது. ஈரத்தாலும் சுவர் வெடிக்கும், மண் இறங்கினாலும் வெடிக்கும். உமா ஓயாச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. நிலத்தடி நீர் இறங்கியதே அங்கு பெரிதாகப் பேசப்பட்டது.

அதனால்தான் முன்பதிவு வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு காம்பிராவிலும் வெடிப்புகளைப் போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டுங்கள். சுவர் விலகினால் கண்ணாடி உடையும். வெடி வைத்த நாள், நேரம் எல்லாம் கொப்பியில் ஏறட்டும். பிள்ளைகள் அழகாக எழுதுவார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

கருவியைக் குவாரி வாசலில் வைத்துவிட்டு "எல்லைக்குள் இருக்கிறது" என்பார்கள். கிட்டத்து லயத்தின் அத்திவாரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கமிட்டியில் ஒருவர் கூட நிற்கவேண்டும், பதிவின் பிரதி அன்றே வேண்டும். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தில் என்ன நிபந்தனை என்றும் கேளுங்கள். வெடிக்கு முன் வீடுகளைப் பரிசோதித்துப் பதியும் வேலையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்கிறது. அந்தச் செலவு குவாரிக்காரருடையது என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரு எச்சரிக்கை. வெடிப்பு மலைச்சரிவு மண்ணில் தெரிந்தால், மரம் சாய்ந்தால், கதவு திடீரென இறுகினால் கண்ணாடி ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறி, கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.

போகும்போது கமிட்டிக்கு ஒரு கொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் லய இலக்கமும் இன்றைய திகதியும்.