பறவை காப்போர்க்கும் ஒரு நிதி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"கல்வி உதவி நிதி" என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு எம்மைப் பணித்தனர். மருத்துவம், பொறியியல், அரசுப் பணித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி முன்னர்ப் பேசியோர் விரிவாகக் கூறிவிட்டனர். ஆதலின் காட்டையும் பறவை விலங்குகளையும் காக்கும் துறைக்குச் செல்ல விழையும் பிள்ளைகளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். அவையில் சிலர் நகைப்பது தெரிகின்றது. ஆட்சிக்குழுவில் கூறியபோதும் நகைத்தார்கள், பழகிவிட்டது.

பல்லடத்திலிருந்து புறப்பட்டுக் காந்திபுரத்தில் பேருந்து மாறினால் ஆனைகட்டியை ஒரு காலைப்பொழுதில் அடையலாம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி பெயரால் 1990இல் தொடங்கப்பெற்ற ஆய்வு நிலையம் அங்குள்ளது. அதன் இயக்குநராக இருந்த ரவி சங்கரன் 2009 ஜனவரியில், தம் 45ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். வரகுக்கோழியை ஆராய்ந்தவர், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளால் நிக்கோபார்க் கரைகளுக்கு நேர்ந்த அழிவை நேரில் சென்று கண்டறிந்தவர். அவர் மறைவிற்குப்பின், இன்லாக்ஸ் சிவதாசானி அறக்கட்டளை அவர் பெயரால் ஓர் உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது. இயற்கைப் பாதுகாப்பில் அடியெடுத்து வைக்கும் இளைஞர்க்கு அயல்நாட்டில் மேற்படிப்பு, பயிற்சி, உள்நாட்டில் சிறு ஆய்வுக்கான பணம் ஆகியவற்றை வழங்குவதே அதன் நோக்கம்.

அப்பெரியார் அந்தமானில் செய்த ஒரு செயலை இங்குக் கூறியே ஆகவேண்டும். உழவாரன் இனத்துச் சிறுபறவை ஒன்று, குகைச் சுவரில் தன் உமிழ்நீராலேயே கூடு கட்டுகின்றது. சீன நாட்டவர் அக்கூட்டைச் சாறாக்கி உண்பதால் அதற்குப் பெருவிலை. முட்டையென்றும் குஞ்சென்றும் பாராது கூடுகள் பெயர்க்கப்பட, பறவையினம் அருகிற்று. ரவி சங்கரனும் வனத்துறையும் என்ன செய்தனர்? கூடு திருடிப் பிழைத்தவர்களையே அழைத்து, ஊதியம் கொடுத்துக் குகைக்குக் காவல் வைத்தனர்! குகையின் மூலை முடுக்கெல்லாம் அவர்கள் அறிந்தவை அல்லவா? அறிவு அவர்களிடம் முன்னரே இருந்தது. மதிப்பும் கூலியுமே இல்லாதிருந்தன.

இருளர் செய்தியும் இத்தகையதே. 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கைகளை நஞ்செடுத்து மருந்துக்கு வழங்கும் கைகளாக்கியது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவிற்கு அழைக்கப்பெற்றனர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர்.

இனி ஆட்சிக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எம்மிடம் கேட்டதைச் சொல்வோம். "ஐயா, செத்த மாட்டோடும் காட்டோடும் கிட என்று ஊரார் நம்மைத் தள்ளிவைத்தார்கள். படித்து வெளியே வந்த பிள்ளையை மீண்டும் காட்டுக்கா அனுப்புவது?" என்றார். நியாயமான கேள்வி. அன்று யாம் விடை கூறவில்லை.

எம் பாட்டனார் இறந்த மாடுகளை அப்புறப்படுத்தியவர். தோலுரித்து முடிப்பதற்குள் கழுகுகள் இறங்கிவிடும் என்று சொல்வார். அக்கழுகினம் நாடெங்கும் அழிந்தமைக்குக் காரணம், மாட்டிற்குப் போடும் டைக்ளோபினாக் என்னும் வலிமருந்தே என்று 2004இல் அறிஞர் வெளியிட்டனர். 2006இல் அரசு அதனைக் கால்நடைக்குத் தடைசெய்தது. இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்குப் போன்ற சில இடங்களிலேயே அவை எஞ்சியுள்ளன. கழுகு வரவில்லை என்பதைத் தோலுரித்தவர் அன்றே கண்டிருப்பர். ஆயினும் அவர் கூறியதை எழுதிக்கொள்ள எவரும் வரவில்லை. எழுத அவருக்கும் கற்பிக்கப்படவில்லை. எழுதும் இடத்தில் நம் பிள்ளை இருக்கவேண்டும் என்பதே அம்மூத்தவர்க்கு யாம் இன்று கூறும் விடை.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், தந்தையார் விசைத்தறியில், தாயார் பனியன் கம்பெனியில். விலங்கியலில் பட்டம் பெற்றான். நஞ்சராயன் குளத்துப் பறவைகளைப் பெயர் சொல்லி அடையாளங் காட்டுவான். அக்குளம் 2022இல் சரணாலயமாயிற்று. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஓர் ஆய்வுக்குழுவில் ஆறு திங்கள் பயிற்சிக்கு இடம் கிடைத்தது; ஊதியம் இல்லை. தங்குமிடமும் உணவும் அவன் பொறுப்பு, தொலைநோக்கியும் வாங்கவேண்டும். சனிக்கிழமைக் கூலியில் ஓடும் குடும்பம் ஆறு திங்கள் பொறுக்குமா? இன்று அவன் செக்கிங் பிரிவில் வேலை செய்கின்றான். அரசின் கல்வி உதவித்தொகை படிக்கும்வரை வரும். படிப்பு முடிந்து முதல் ஊதியம் வரும்வரை உள்ள இடைவெளிக்கு வாராது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அவ்விடைவெளியைத் தந்தையார் பணத்தில் கடந்துவிடுகின்றான்.

பெரிய அறக்கட்டளைகளின் கதவு நமக்கு அடைக்கப்பட்டுள்ளது என்று யாம் கூறவில்லை. ஆயினும் விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். தன்னை அறிந்த அறிஞர் ஒருவரின் சான்றுக் கடிதம் வேண்டும். நம் பிள்ளையை அறிந்த அறிஞர் யார்? முதல் பயிற்சியை முடித்தாலன்றோ அக்கடிதம் கிடைக்கும்!

ஆகவே, நம் தெருவில் அரிக்கேன் விளக்கில் இரவுப் பள்ளி நடத்தி மறைந்த பெரியவர் நினைவாக ஒரு சிறு நிதியைச் சங்கம் ஏற்படுத்துமாறு வேண்டுகின்றோம். ஆண்டிற்கு ஒருவர் போதும். பெண்பிள்ளையாயின் முதலிடம் தருக. ஆறு திங்களுக்கு உணவு, உறையுள், பேருந்துக் கட்டணம். வீட்டிற்கு அவன் அல்லது அவள் கொண்டுவந்திருக்கக்கூடிய கூலியில் ஒரு பாதி. இப்பாதியை விட்டுவிட்டால் திட்டம் பயன்படாது. விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். தொலைநோக்கி சங்கத்தின் உடைமையாய், ஒருவர்பின் ஒருவர் கைமாறட்டும்.

எம் ஒரு மாத ஊதியத்தைச் செயலாளர் அவர்களிடம் இன்று காலையே ஒப்படைத்துள்ளோம். பற்றுச்சீட்டு இன்னும் தரவில்லை. நிதிக்குக் கணக்குத் தொடங்கிய பின்னர்த் தருவதாகக் கூறியுள்ளார். காத்திருக்கின்றோம்.