பழைய படகும் பொதுப் பணமும்
(ஆண்டு விழாவில் படகுக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)

    

பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, ரயில்வேக் கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் எங்களைப் போன்றோரிடம் கப்பற்கலை பற்றிய ஆராய்ச்சியுரையை எவரும் எதிர்பார்க்கமாட்டீர்கள். எனினும், நம் சங்கத்தின் அலுமினிய அறைப்படகு பழுது நீங்கி மிதந்த வரலாற்றையும், அதற்கான செலவுக் கணக்கையும் எடுத்துரைக்கும் கடமை எங்களுக்கு உண்டு. வெற்றியை மட்டும் கூறி, செய்யவிருந்த பெருந்தவற்றை மறைத்தால் அது கணக்காகாது.

காவிரியையும் தாமிரபரணியையும் விட்டு ஆசன்சோலுக்குக் குடிவந்த நாம், காணும் பொங்கலன்று கூடிக் களிப்பது மைத்தோன் அணையில். பராக்கர் ஆற்றின் குறுக்கே தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் கட்டிய அவ்வணை 1957-இல் திறக்கப்பட்டது. அதன் ஏரியில் நம் முதியோரும் சிறுவரும் வெயில்படாமல் அமர்ந்து செல்ல ஒரு படகு வேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆசை. அந்நிலையில், 20 அடி நீளமும் 7 அடி அகலமும் உடைய பழைய அறைப்படகொன்று ஏலத்திற்கு வந்தது. நாற்பது குடும்பங்கள் தலைக்கு ரூ. 5,000 அளித்தன, மண்டப நிதியிலிருந்து ரூ. 50,000 கடனாகப் பெற்றோம். ஆக, கையிருப்பு ரூ. 2,50,000. படகின் விலை ரூ. 70,000.

அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிப்பதில்லை. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் தோன்றி உலோகத்தைக் காக்கின்றது. எடையோ எஃகின் மூன்றில் ஒரு பங்கே. இவற்றைக் கேட்டறிந்த நாங்கள், மேலே வர்ணம் பூசி, எஞ்சின் பொருத்தி, பொங்கலுக்கே நீரில் இறக்கிவிடலாம் என்று எண்ணினோம். மார்கழித் திங்களில் குழு கூடியது. உடனே இறக்கலாம் என்று பதின்மர் கை உயர்த்தினர். வேண்டாம் என்றோர் மூவர். அப்பதின்மருள் இவ்வுரை நிகழ்த்துபவரும் ஒருவர்.

மறுத்த மூவருள் மூத்தவர், ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சினம் கொள்ளவில்லை. "தம்பிமார்களே, பெரம்பூரில் செய்த பழைய பெட்டிகளில் வெளிப்புறம் பளபளவென்று இருக்கும், கழிவறைக்குக் கீழே உள்ள தரைதான் முதலில் அரித்துப்போகும். இந்தப் படகின் தரையைப் பிரித்துப் பார்க்காமல் என் பேத்தியை ஏற்றமாட்டேன். உங்கள் பிள்ளைகளை ஏற்றுவீர்களா?" என்று மட்டும் வினவினார். எவரும் விடை கூறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் என்றார்; கொடுத்தோம்.

அந்த ஞாயிறு எங்கள் கண்களைத் திறந்தது. மரப்பலகைத் தரையைப் பெயர்த்தபோது, மிதப்புக்காக அடைத்திருந்த நுரைப்பொருள் முழுவதும் நீரில் ஊறிக் கிடந்தது. வெளியே எடுத்து நிறுத்தினால் 130 கிலோ! படகை மிதக்கச் செய்யவேண்டிய பொருளே அதனை அமிழ்த்தும் சுமையாய் மாறியிருந்தது. ஓயாத ஈரம் தங்கி, காற்றுப் படாத இடத்தில் காப்புப் படலம் நிலைப்பதில்லை. தகட்டின்மேல் வெண்ணிறப் பொடி படிந்து, ஆங்காங்கே குழி விழுந்திருந்தது. பின்புறத்தில் யாரோ ஒரு பித்தளைக் குழாயை நேரே தகட்டில் முடுக்கியிருந்தார்கள். செம்பு கலந்த உலோகமும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்கலத்தில் நிகழ்வதே அங்கும் நிகழும், அலுமினியமே கரையும். பெரியவர் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் வந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பொங்கலுக்குப் படகு இல்லை என்று அறிவித்தோம். குழந்தைகள் வாடினார்கள், பெரியோர் சிலர் நகைத்தார்கள். பின்னர் வேலை முறையாகத் தொடங்கியது.

அரித்த பகுதிகளை வெட்டி நீக்கி, 5083 என்னும் கடற்பணி அலுமினியத் தகட்டை வைத்துப் பற்றவைத்தோம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் ஆக்சைடுப் படலமோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். ஆதலின், இரும்பைத் தொடாத தனித் துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் படலத்தைத் தேய்த்து அகற்றி, ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைக்க வேண்டும். இதற்குத் தேர்ந்த ஆளை அமர்த்தினோம். அதில் சிக்கனம் பார்க்கவில்லை. அடுத்து, படகைத் தரையில் நன்கு முட்டுக்கொடுத்து நிறுத்தி, உட்புறம் சிறிதளவு நீர் ஊற்றினோம். வெளியே கசிந்த ரிவிட்டுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். பதினேழு கசிந்தன, ஒன்பதை அடித்து இறுக்கினோம், எட்டை மாற்றினோம்.

வர்ணத்திலும் எச்சரிக்கை தேவை. சுத்தம் செய்த அன்றே ப்ரைமர் பூசாவிடில் பிடிப்பு வலுவாயிராது. செம்பு கலந்த படகு வர்ணம் அலுமினியத்திற்கு நஞ்சு. செம்பு உப்பு ஏற்றிய மரமும் அவ்வாறே. எஃகு போல்ட்டுகளுக்கும் தகட்டிற்கும் இடையே நைலான் வளையம் இட்டோம். விளக்குகளுக்குப் படகின் உடலையே மின்வழியாகக் கொள்ளாமல் இரு கம்பிகள் இழுத்தோம். நன்னீர் ஏரியாதலால், தான் கரைந்து படகைக் காக்கும் மக்னீசியக் கட்டிகளைப் பொருத்தினோம். புதிய நுரைப்பலகைகளை அடித்தகட்டில் படாமல் உயர்த்தி, நீர் வடிய வழி விட்டோம். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது, அடியில் தேங்கும். எனவே தொட்டியை அறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்தோம்.

மாசித் திங்களில் முதலில் ஏறியவை மணல் மூட்டைகள். பத்துப் பேருக்கு ஈடாக 750 கிலோ ஏற்றி, ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, உட்புறம் கையால் தடவிப் பார்த்தோம், ஈரமில்லை. எஞ்சின் பொருத்திய உள்நாட்டுக் கலங்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் ஆய்வும் பதிவும் முடித்த பின்னரே மனிதர் ஏறினோம்.

இனிக் கணக்கு: படகு ரூ. 70,000, தகடும் பற்றவைப்பும் ரூ. 38,000, வர்ணம் ரூ. 22,000, தரையும் இருக்கையும் ரூ. 24,000, பழைய எஞ்சின் ரூ. 85,000, உயிர்காப்புச் சட்டைகள் பன்னிரண்டு ரூ. 14,400, கம்பி, நுரைப்பலகை, மக்னீசியம், இதர வகை ரூ. 11,600. மொத்தம் ரூ. 2,65,000. மிகுதியான ரூ. 15,000-ஐச் சங்கத்தின்மேல் சுமத்தவில்லை. அன்று கை உயர்த்திய பதின்மரும் தலைக்கு ரூ. 1,500 செலுத்தினோம். மறுத்த மூவரிடம் ஒரு காசும் பெறவில்லை. மண்டப நிதிக்குரிய ரூ. 50,000 இன்னும் கடனாகவே நிற்கின்றது. அதனைத் தீர்க்கும் வரை எங்கள் பணி முடிந்ததாகக் கருதமாட்டோம்.

அன்பர்களே! படகில் பத்துப் பேருக்கு மேல் ஏறலாகாது. சட்டை அணியாதார் கரையில் நிற்கவேண்டும். இவ்விரு விதிகளையும் தலைவரானாலும் தளர்த்தக் கூடாது. துளை விழுந்த அந்தத் தகட்டுத் துண்டைச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கின்றோம். இனி எப்போதேனும் அவசரப்பட்டுக் கை உயர்த்தும் முன், அதனை ஒருமுறை பார்த்துவிட்டு வருமாறு வேண்டி அமைகின்றோம்.